இழுத்துப் பார்த்த விரல்

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். அறுபதுகளின் கடைசி. பூசணிக்காய் நறுக்கும்போது என் மனைவி அரிவாள்மனையில் வலது ஆள்காட்டி விரலை ஆழமாக வெட்டிக்கொண்டாள். ரத்தம் நின்ற பிறகும் விரல் மடங்கவில்லை. எங்கள் தறியில் பட்டிழை அறுந்தால் சாம்பல் தொட்டு முறுக்கி முடிச்சுப் போடுபவள் அவள்தான். வலியைவிட அந்த வேலை போய்விடுமோ என்றுதான் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் தைத்து, விரலை மடக்கினபடியே கட்டுப் போட்டார்கள்.

"நரம்பு அறுந்துபோச்சா சார்?" என்று டாக்டரைக் கேட்டேன்.

"நரம்பு இல்லப்பா, தசைநாண். சதையை எலும்போட கட்டியிருக்கிற கயிறு. தோல் பத்து நாள்ல கூடிடும். இதுக்கு ரத்த ஓட்டம் கம்மி, மெதுவாத்தான் கூடும். நான் சொல்ற வரைக்கும் விரலை நீட்டக் கூடாது."

பத்தாம் நாள் தையலைப் பிரித்து, மறுபடி கட்டி அனுப்பினார்கள். தோல் அழகாகக் கூடியிருந்தது. எனக்கோ, ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. இழையை முடிந்தால் உடனே ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பது தறிக்காரன் வழக்கம். தாங்கினால்தான் அது முடிச்சு. வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்த்தேன்.

"வேணாங்க, டாக்டர் திட்டுவாரு."

"சும்மா இரும்மா, தாங்குதான்னு பாத்துடறேன்."

விரலைப் பிடித்து நேராக இழுத்தேன். உள்ளே ஏதோ விட்டுப்போனது என் கைக்கே தெரிந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

டாக்டர் பார்த்துவிட்டு, இனி அது மடங்காது என்றார். எப்படி ஆச்சு என்று அதட்டினார்.

"தண்ணிக் குடத்தைத் தூக்கிட்டேன் சார்" என்றாள் அவள்.

"அறிவிருக்குதா உனக்கு?" என்று ஆரம்பித்து எல்லார் எதிரிலும் அவளைத் திட்டினார். நான் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

அவள் கட்டைவிரலையும் நடுவிரலையும் வைத்து முடியப் பழகினாள். முதலில் எல்லா இழையும் நழுவின. பல்லைக் கடித்துக்கொண்டு மாதக்கணக்கில் பழகினாள். ஒரு மத்தியானம் ஓர் இழையை முடிந்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இழுத்துப் பாருங்க."

எனக்குக் கை எழவில்லை.

"பயந்துக்கினு நிக்காதீங்க, இது நூலுதான்" என்று சிரித்தபடி என் கையைப் பிடித்து இழையில் வைத்தாள். மடங்காத அந்த விரல் என் மணிக்கட்டில் குத்திக்கொண்டிருந்தது.