பெரியம்மாவுக்குப் பிடித்த சளி

செத்துப்போனதாக அறிவிக்கப்பட்ட ஒருவர் எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து ஏழு தோசை சாப்பிட்டதை நான் எட்டு வயதில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எட்டாவதற்கு அவர் போதும் என்று தட்டின் மேல் கையை விரித்தார். அம்மா அந்தக் கையின் மேலேயே தோசையைப் போட்டாள். சூடு தாங்காமல் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். செத்தவர்களுக்கும் சுடும் போலிருக்கிறது என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அவர் வேறு யாரும் இல்லை, என் பெரியம்மா மகன். எனக்கு அண்ணன் முறை, பதினேழு வயது. முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பள்ளிக்கூடப் பையில் இரண்டு சட்டையையும் வேதியியல் புத்தகத்தையும் அடைத்துக்கொண்டு, ஒரு மத்தியான பஸ்ஸில் ராமேஸ்வரம் வந்து இறங்கியிருந்தான். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளை வேதியியலை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தான் என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அண்ணன் தன்பாலீர்ப்பு உள்ளவன். இப்போது இதை ஒரே வரியில் எழுதிவிட முடிகிறது. அன்று எங்கள் வீட்டில் அந்தச் சொல் யாரிடமும் இல்லை. அய்யா வேலை முடிந்து வந்ததும் அம்மா அவரைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போய், "அவனுக்குப் பயலுகளத்தான் பிடிக்குதாம். அதுக்குத்தான் மச்சான் வெளிய போகச் சொல்லிட்டாராம்" என்று மெதுவாகச் சொன்னாள். பின்னாலேயே போயிருந்த நான் சும்மா இருக்கவில்லை.

"எனக்கும்தான் பொம்பளப் பிள்ளைகள மட்டும் பிடிக்கும். பயலுக மண்ண வாரி எறியுறாய்ங்க" என்றேன்.

அய்யா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா என்று சரியாகத் தெரியவில்லை. பிறகு, "சரி, பிடிச்சுட்டுப் போகட்டும். இங்கன இருக்கட்டும்" என்றார். அந்த விஷயத்தில் அய்யா பேசியது மொத்தமே அவ்வளவுதான். அதற்குப் பிறகு டி.சி. வாங்க இரண்டு முறை முதுகுளத்தூருக்கு அலைந்தார், இங்கே பள்ளிக்கூடத்தில் கார்டியன் என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார், இருந்த ஒரே கட்டிலை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார்.

பெரியப்பா கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். தகப்பன் இல்லாத என் அம்மாவைத் தகப்பன் இடத்தில் நின்று தாரைவார்த்துக் கொடுத்தவர் அவர்தான். ஊரில் மிளகாய் விவசாயம். பஜனைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். சனிக்கிழமை ஒருபொழுது, கிருத்திகை விரதம், அமாவாசை விரதம் என்று மாதத்தில் பாதி நாள் பட்டினி கிடப்பார். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்கு உப்புக் கொடுத்தால்கூடப் பெரியம்மாவுக்கு அர்ச்சனை நடக்கும். சாமி சொன்னது என்று அவர் நம்பிய எதையும் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அவர் வந்தால் அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவாள்.

அண்ணனின் போனில் அவன் கூடப் படிக்கிற பையனுக்கு எழுதியிருந்ததைப் பெரியப்பா படித்துவிட்டார். கேட்டபோது, விளையாட்டுக்கு எழுதினேன் என்று சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அண்ணன் "ஆமாய்யா, நெசந்தான்" என்று சொல்லிவிட்டான். ஒரு மாதம் கோயில் கோயிலாகக் கூட்டிப்போய் மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். பிறகும் அவன் அதையே சொன்னதால், என் பிள்ளை செத்துவிட்டான் என்று சொல்லி வாசற்கதவைச் சாத்திவிட்டார். பெரியம்மா உள்ளே இருந்தாளாம். அவள் குரலே கேட்கவில்லை என்று அண்ணன் அம்மாவிடம் சொல்லும்போதுதான் முதல்முறையாக அழுதான்.

ஆடி மாதம் பெரியப்பாவிடமிருந்து போன் வந்தது. அமாவாசைக்கு வருவதாகவும், அப்பா தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கும்போது மகனுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியுமாகக் கடலில் முழுகி அவனைத் தலைமுழுகப் போவதாகவும் சொன்னார். வேண்டாதவர்களை நாம் எல்லோரும்தான் தலைமுழுகுகிறோம். கோபத்தில் சொல்வதோடு சரி, அதற்காக யாரும் வாளியைத் தேடிப் போவதில்லை. பெரியப்பா சொன்னதைச் செய்கிற மனிதர்.

எனக்கோ ஒரே சந்தோஷம். முழுக்கு என்பது எங்கள் வீட்டுத் தொழில். கோயிலுக்குள் இருக்கிற தீர்த்தக் கிணறுகளில் வாளியால் இறைத்து யாத்திரைக்காரர்கள் தலையில் ஊற்றுகிற வேலை அய்யாவுக்கு. லீவு நாளில் நானும் கூடப் போவேன். உச்சந்தலை நனைந்தால்தான் தீர்த்தம் சேரும் என்று அய்யா சொல்வார். அதனால் கிணற்றடியில் நின்றுகொண்டு, தலை சரியாக நனையாதவர்களைப் பிடித்து, "உச்சி நனையல, இன்னொரு வாளி வாங்கிக்கங்க" என்று விரட்டுவேன். வடநாட்டுக்காரர்கள்கூட என் சைகையைப் புரிந்துகொண்டு திரும்பிப் போய்க் குனிவார்கள். இந்த உத்தியோகத்தை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

போன் வந்த அன்றைக்கெல்லாம் அண்ணன் சாப்பிடவில்லை. சாயங்காலம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நான் எங்கயாச்சும் போயிர்றேன் சித்தி" என்றான்.

"எங்கயாச்சும்னு ஒரு ஊரு கெடையாது. அமாவாசைக்குப் போட சட்டையத் தேச்சு வையி" என்றாள் அம்மா.

"நான் எதுக்கு அங்கன?"

"நீ செத்துட்டேன்னு சொல்ல அவுக அம்புட்டுத் தூரம் வாராக. சாகலன்னு சொல்ல நாம நாலு தெரு நடக்கக் கூடாதா?"

அமாவாசையன்று விடியும்போதே கடற்கரைக்குப் போய்விட்டோம். அய்யாவுக்குக் கிணற்றில் வேலை, அதனால் நாங்கள் மூன்று பேர். அக்னி தீர்த்தக் கடலில் அலையே இருக்காது, கண்மாய் மாதிரி அசையாமல் கிடக்கும். அந்தத் தண்ணீருக்குள் கண்ணுக்கு எட்டிய மட்டும் தலைகள். முங்கி முங்கி எழுந்தன. செத்துப்போன அத்தனை பேரையும் நினைத்துக்கொண்டு இத்தனை பேர் ஒரே நேரத்தில் நனைகிறார்கள் என்பதே எனக்கு மலைப்பாக இருந்தது. அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தான். கூட்டத்தில் நான் தொலைந்துவிடக் கூடாதென்று பிடித்திருக்கிறான் என்று நினைத்தேன்.

பெரியப்பா வழக்கமாகத் தர்ப்பணம் கொடுக்கும் ஐயரின் முன்னால் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரியம்மா தலைகுனிந்து நின்றாள். அப்பா, தாத்தா, பூட்டன் எல்லோரும் முடிந்து, அடுத்ததாகப் பெரியப்பா அண்ணனுடைய பெயரைச் சொன்னார். ஐயர் பெயரை வாங்கிக்கொண்டு, "தவறின திதி என்ன?" என்று கேட்டார். பெரியப்பா தன் உள்ளங்கையைப் பார்த்தார். அதில் எள் இருந்தது.

"சாமி" என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். அது என் அம்மா. "அந்தப் பேருக்காரன் இந்தா நிக்கான் சாமி. திதிய அவன்கிட்டயே கேளுங்க."

சொல்லிவிட்டு அண்ணனின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிற அம்மாவிடம் இவ்வளவு பெரிய குரல் இத்தனை நாளாக எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் பிண்டம் உருட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஐயர் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். தேய்த்த சட்டை, படியாத முடி, அழுத கண். அவர் எள் கிண்ணத்தை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "உயிரோட இருக்கறவாளுக்கு நான் எள்ளத் தொடமாட்டேன். மகா பாவம்" என்றார்.

பெரியப்பா எழுந்தார். அம்மாவை அவர் திட்டவில்லை, எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. "மந்திரம் வேணாம். முழுக்குப் போதும்" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, பெரியம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கினார். அண்ணன் என் கையை மறுபடி வந்து பிடித்தான். எனக்கு விரல் வலித்தது.

பெரியப்பா மூன்று முறை முங்கினார். ஒவ்வொரு முறையும் முழுசாக உள்ளே போய் எழுந்தார். பெரியம்மாவும் கூடவே உட்கார்ந்து எழுந்தாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். நான் மூடவில்லை. தொழில் தெரிந்தவள் அல்லவா, உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா மூன்று முறையும் கழுத்து வரைக்கும்தான் போனாள். கொண்டையில் வைத்திருந்த மல்லிகைச் சரம்கூட நனையவில்லை. இவ்வளவு தூரம் வந்து முழுக்கு வீணாகப் போகிறதே என்று எனக்குப் பதறியது.

"பெரியம்மா! உச்சி நனையல! இன்னொரு முங்கு போடுங்க!"

அம்மாவின் கை என் வாயில் வந்து அடைத்தது. அவளுடைய வளையல் பல்லில் இடித்தது. அதற்குள் பெரியப்பாவுக்குக் கேட்டுவிட்டது. திரும்பிப் பெரியம்மாவின் தலையைப் பார்த்தார்.

"முழுகு" என்றார்.

பெரியம்மா கடலுக்குள் மார்பளவு தண்ணீரில் நின்றாள். கரையைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன், நானும் அங்கேதான் நின்றேன்.

"எனக்குச் சளி பிடிச்சிருக்கு" என்றாள்.

"மூணு முங்குத்தான."

"தலைக்குத் தண்ணி ஊத்துனா எனக்கு ஆகாது."

"ஒரு முங்காவது போடு."

"ஆகாது."

பெரியப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு கூட்டத்தில், அவ்வளவு தண்ணீரில், சளி பிடித்தவளைப் பிடித்து அமுக்க அவரால் முடியவில்லை. தனியாகக் கரையேறி, துண்டைக்கூடப் பிழியாமல் நடந்து போனார். பெரியம்மா அவருக்குப் பின்னால் வந்தவள் எங்களிடம் வந்ததும் நின்றாள். அண்ணனின் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"எண்ண வைக்க மாட்டியா? இப்பிடிக் காஞ்சு கெடக்கு."

அவள் தன் ஈர முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். அது முகத்தை இன்னும் ஈரமாக்கியது. பிறகு வேகமாகப் பெரியப்பா போன திசையில் போய்விட்டாள். அம்மா அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உடம்புக்கு முடியாதவளைப் போய்த் தண்ணீருக்குள் விரட்டிவிட்டேனே என்று எனக்கு ஒரே வருத்தம். வீட்டுக்கு வந்ததும், பெரியம்மாவுக்குச் சுக்கும் கருப்பட்டியும் கொடுத்து அனுப்பச் சொல்லி அம்மாவை நச்சரித்தேன். அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அண்ணன் அன்று மத்தியானம் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

பெரியப்பா மனம் மாறவில்லை. இன்று வரை அண்ணனோடு பேசியதும் இல்லை. அண்ணன் எங்கள் வீட்டிலிருந்தே பிளஸ் டூ எழுதினான், மதுரையில் கல்லூரிக்குப் போனான். இப்போது கோயம்புத்தூரில் வேலை. அவனும் அவனோடு வாழ்கிறவரும் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள்.

ஆனால் அந்த ஆடிக்குப் பிறகு, பெரியப்பா தோட்டத்துக்குப் போகிற நேரம் பார்த்துப் பெரியம்மா போன் செய்ய ஆரம்பித்தாள். போனை எடுப்பது பெரும்பாலும் நான்தான். எடுத்தவுடன், "பெரியம்மா, சளி போயிருச்சா?" என்று கேட்பேன். "போகலத்தா, அப்பிடியேதான் இருக்கு" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் சளி இருப்பதற்கான அடையாளமே இருக்காது. அடுத்து, "அண்ணன் இருக்கானா? அவன்ட்டக் குடு" என்பாள். அடுத்த அமாவாசை வந்தது, தை அமாவாசை வந்தது, மறுபடி ஆடி வந்தது. சளி போகவில்லை. இவ்வளவு காலம் ஒருவரைப் பிடித்து விடாமல் இருக்கிற சளியைப் பற்றி வகுப்பில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தேன்.

ஆறாம் வகுப்புப் படிக்கும்போது, அண்ணன் கல்லூரி லீவுக்கு வந்திருந்த ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ராமநாதபுரத்துல போய் நல்ல டாக்டராப் பாருங்க பெரியம்மா" என்று அதட்டலாகவே சொன்னேன்.

"ஏத்தா, டாக்டர்ட்டப் போனா அவரு சரியாக்கி விட்ருவாரே" என்றாள் பெரியம்மா.

பாவம், ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனை அண்ணனிடம் கொடுத்தேன்.