ஆட மனசில்லாதவர்களுக்கு ஆட்ட வகுப்பு

ஆடத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு தொழில். ஆட மனசே இல்லாதவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு தொழில். முதலாவதை இருபது வருஷம் செய்தேன். முட்டி கெட்டுப்போய், மேடை ஏற முடியாமல் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோதுதான் இரண்டாவது வந்து சேர்ந்தது. சுனாமிக்குப் பிறகு புதுச்சேரியில் ஒரு தொண்டு நிறுவனம், சின்னப் பிள்ளைகளிலிருந்து வயசானவர்கள் வரை மனசு தேறுவதற்காக ஆட்டமும் பாட்டும் நடத்த ஆள் தேடியது. நாலு வருஷம் ஓட்டினேன். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கூடம் கூடமாக அலைந்து, "எல்லாரும் எழுந்திருங்க" என்று சொல்லி, ஒருவரும் எழுந்திருக்காததால் தனியாக நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நான் சொல்லப்போவதில் புதுசாக ஒன்றும் இருக்காது.

கடல் பாடம்

முதல் வகுப்பு கடலோரத்து மீனவர் குப்பமான வைத்திக்குப்பத்தில். பதினைந்து பிள்ளைகள். பழக்கமான பாடத்தையே எடுத்தேன்: மலை, மரம், நதி, கடல். கடலுக்கு இரண்டு கைகளையும் அலை மாதிரி உயர்த்தி இறக்கிக் காட்டினேன். அந்த இடத்தில் போய், அந்த வருஷத்தில். எனக்கு உறைப்பதற்குள் செல்வி என்கிற எட்டு வயசுப் பெண் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடலூர் பக்கம் படகு வேலைக்குப் போயிருந்த அவள் அப்பா சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு திரும்பவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். அவள் அம்மா வந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் செல்வி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பெல்லாம் இல்லை. "டீச்சர், கடல் வேணாம். படகு சொல்லிக் குடுங்க. கெளம்பிப் போறது வேணாம், கரைக்கு வர்றது மட்டும்."

ஆண்கள் வகுப்பு

பெண்கள்தான் வருகிறார்கள், ஆண்களுக்கும் ஒன்று நடத்துங்கள் என்று மேலிடம் சொன்னது. அரியாங்குப்பத்தில் நோட்டீஸ் ஒட்டினேன். காலை ஒன்பது மணி. வந்தது ஒரே ஒருத்தர். சுந்தரமூர்த்தி என்று பெயர், ஐம்பது வயசு இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில் டிபன் பாக்ஸ். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். நான் பாட்டைப் போட்டுக் கையைத் தூக்கினால் பார்ப்பார், இறக்கினாலும் பார்ப்பார். இப்படி ஆறு வாரம். காலிக் கூடத்தில் ஒரு ஆளுக்கு முன்னால், அதுவும் கெட்டுப்போன முட்டியோடு ஆடுவது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் டேப்பை நிறுத்திவிட்டு, "எதுக்குத்தான் சார் வர்றீங்க?" என்று கேட்டேன்.

அவர் டிபன் பாக்ஸை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "கம்பெனியில ஆளக் கொறச்சிட்டாங்க மேடம். வூட்ல இன்னும் சொல்லல. காலைல கெளம்பிப் போறதுக்கு ஒரு எடம் வேணும். நீங்க பாட்டுக்கு ஆடுங்க."

முசேயும் மதாமும்

வியாழக்கிழமை பெரியவர்கள் வகுப்புக்கு ஒரு தம்பதி வருவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வழக்கப்படி ஐயாவை முசே என்றும் அம்மாவை மதாம் என்றும்தான் கூப்பிடுவோம். முசே ஆரோக்கியம் பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி மதாம் தெரேஸுக்கு இரண்டு வருஷமாக ஞாபகம் இல்லை. வீட்டில் முசேயைப் பார்த்தால், "யாரு நீங்க, வெளியில போங்க" என்பாராம். வகுப்பிலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். ஒருநாள் முசே தன் வீட்டிலிருந்து ஜோடியாக ஆடும் வால்ஸ் பாட்டுக் கேசட் ஒன்று கொண்டுவந்தார். பாட்டு தொடங்கியதும் மதாம் தானாக எழுந்து அவர் தோளில் கையை வைத்தார். கால்கள் ஒரு எட்டு தப்பவில்லை. பாதியில் நின்று, தாழ்ந்த குரலில், "நல்லா ஆடுறீங்க முசே. போதும், எங்க வூட்டுக்காரரு வர்ற நேரம்" என்றார்.

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. முசே அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் இதேதான் நடந்தது. ஒருநாள் அவரிடம் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "வாரத்துக்கு ஒரு நாள் எம் பொஞ்சாதி எனக்குத் துரோகம் பண்றாம்மா. பரவால்ல, எங்கூடத்தான பண்றா."

தையல் கிளாஸ்

கதிர்காமத்து வகுப்புக்கு அஞ்சலை பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள். ஒரே மகள் காய்ச்சலில் போய்விட்டாள். "நாலு பேரோட பழகும்மா" என்று டாக்டர் சொன்னதால் வந்தவள். முதல் மாசம் மூலையில் உட்கார்ந்து அழுதாள். மூன்றாவது மாசம் கும்மியில் அவளை மிஞ்ச ஆளில்லை. வீட்டில் தையல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வருகிறாள் என்பது, அவள் கணவர் தைக்கக் கொடுக்க ரவிக்கைத் துணியோடு வாசலில் வந்து நின்ற அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அவர் சத்தம் போடவில்லை. "பொண்ணப் பொதச்சு வருசம் திரும்பல" என்றார். அஞ்சலை செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள்.

ஆறு மாசம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இளைத்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொல்லையில யாரும் இல்லாத நேரமா ஆடிக்கிட்டுதான் டீச்சர் இருக்கேன். மாடு மட்டும் பாக்குது. அது யார்கிட்ட போயி சொல்லப்போவுது."

ஒன்றிலிருந்து ஐந்து வரை

நாலாவது வருஷம், வகுப்புகளால் ஜனங்களுக்குச் சந்தோஷம் கூடியிருக்கிறதா என்று பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு இளம்பெண் தாள்களோடு வந்தாள். அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் திட்டம் தொடருமா நிற்குமா என்று முடிவாகும். அதனால் முந்தின வாரமே எல்லாரிடமும், "என்ன கேட்டாலும் அஞ்சுன்னு சொல்லுங்க" என்று கெஞ்சி வைத்திருந்தேன். முதல் ஆளாக வியாழக்கிழமை வகுப்புக் காசியம்மாள் உட்கார்ந்தார். மீன் விற்றுப் பிழைத்தவர். கணவரும் மகனும் அடுத்தடுத்துப் போய், தனியாக இருப்பவர். "இங்க வந்தப்புறம் சந்தோஷமா இருக்கீங்களாம்மா? ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண்.

காசியம்மாள் என்னைப் பார்த்தார். நான் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். அவர் அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "சந்தோசம்லாம் இல்ல பாப்பா. வியாழக்கெழம வந்தா தலைய சீவி, நல்ல பொடவையா ஒண்ணு எடுத்துக் கட்டுறேன். அதுக்கு ஒன் தாள்ல எடம் இருந்தா எழுதிக்க."

தாளில் அதற்கு இடமில்லை, இரண்டு மாதத்தில் ‘சந்தோஷம் கூடவில்லை’ என்று அறிக்கை வந்து திட்டமும் நின்றுபோனது. யாரையும் சந்தோஷப்படுத்தவில்லை என்பதற்கு எழுத்துப்பூர்வமான அத்தாட்சி உள்ள டான்ஸ் டீச்சர் இந்த ஊரிலேயே நான் ஒருத்திதான்.