மூன்று அறை, இரண்டு இரவு

அண்ணன் இறந்து நாலு மணி நேரத்தில் நான் லாட்ஜ் தேடி அலைந்துகொண்டிருந்தேன். சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் சாவு வீட்டில் ஒவ்வொருவர் தலையிலும் ஒரு வேலை வந்து விழும். என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரிக் காகிதங்கள், பங்குச் சாமியாரைப் பார்ப்பது, கல்லறைக்கு இடம் கேட்பது. மதினியை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வந்தது, ஊரிலிருந்து வருகிற எட்டுப் பேரைத் தங்கவைக்கிற வேலை. அண்ணன் வீடு தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே அறை. அதே சந்தில் இருக்கிற என் வீடு அதைவிட ஒரு சாண் சிறியது.

அறை கிடைக்காது என்பதல்ல என் பயம். வருகிற எட்டுப் பேரில் ஏழு பேருக்கு அண்ணன் இறந்தது தெரியும். தெரியாத ஒரு ஆள் எங்கள் அம்மா.

திருநெல்வேலியில் ரயில் ஏறுவதற்கு முன்னால் சித்தப்பா போன் செய்தார்.

"ஏட்டி, ஒங்க அம்மைட்ட அவன் சீரியஸா இருக்கான்னுதான் சொல்லிருக்கோம். ஒன்றர நாள் ரயிலு. நடுவழில அவளுக்கு நெஞ்சு வலிச்சா நாங்க எங்கன இறங்குவோம்? வந்து சேரட்டும். நீ பக்குவமா சொல்லிரு."

"நானா சித்தப்பா?"

"பின்ன? நீதானட்டி மக."

எங்கள் பக்கம் இதுதான் வழக்கம். பெற்றவளுக்குப் பிள்ளையின் சாவை யாரும் போனில் சொல்ல மாட்டார்கள். சீரியஸ் என்பார்கள், உடனே புறப்படு என்பார்கள், மிச்சத்தைப் போய்ச் சேருகிற இடத்தில் யாராவது சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்த யாராவது இந்தத் தடவை நான். அம்மாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்புதான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. நான் சொல்கிற சொல்லிலேயே அவள் போய்விட்டால் என்ன செய்வேன் என்று திரும்பத் திரும்ப நினைத்தேன். ஒரே நாளில் இரண்டு சவப்பெட்டி என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. அதை நிறுத்த என்னால் முடியவில்லை.

ஆகவே நான் தேடியது சும்மா லாட்ஜ் இல்லை. அம்மாவை உட்காரவைத்து, நெஞ்சு வலி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, நான் என் வாயால் சொல்ல ஓர் இடம். பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருக்க வேண்டும். எங்கள் கைக்கு எட்டுகிற வாடகையாகவும் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் வேறு யாரும் அவளிடம் அந்தச் சொல்லைச் சொல்லிவிடக் கூடாது.

முதலில் போனில் ஓர் ஆப்பில் பார்த்துவிட்டு சயானில் ஓர் இடத்துக்குப் போனேன். படத்தில் வெள்ளைப் போர்வையெல்லாம் விரித்திருந்தார்கள். கவுண்டரில் இருந்தவன் என் ஆதாரைப் பார்த்தான். தாராவி முகவரி. லோக்கல் ஐடிக்கு ரூம் கிடையாது என்றான். தங்கப்போவது நானில்லை, ஊரிலிருந்து வருகிற எட்டுப் பேர் என்று இந்தியில் விளக்கினேன். எதற்கு வருகிறார்கள் என்று கேட்டான். யோசிக்காமல் உண்மையைச் சொன்னேன். சாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதில்லை, அழுவார்கள், மற்ற கஸ்டமர்களுக்குத் தொந்தரவு என்றான். உன் வீட்டில் யாரும் சாகவே மாட்டார்களா என்று கேட்டுவிட்டு இறங்கினேன். கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் அன்றைக்கு யார் மேலாவது எரிந்து விழாமல் என்னால் நிற்க முடிந்திருக்காது.

இரண்டாவது இடம் மாட்டுங்காவில், மாடியில் இருக்கிற பழைய லாட்ஜ். மேனேஜர் தமிழர், மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற குடும்பமாம்.

"மூணு ரூம் இருக்கும்மா. வெந்நீர் காலம்பற ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும்தான். எதுக்கு வரா?"

சயானில் பட்டது போதும் என்று, கல்யாணத்துக்கு என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. எந்த மண்டபம், யார் சமையல் என்று விசாரித்தார். நான் பதில் தேடிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினேன். எதிர்ப்புற நடைபாதையில், இரண்டு கம்பங்களுக்கு நடுவில், என் அண்ணன் கூலிங் கிளாஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். மேலே சிவப்பு எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’. 

அண்ணன் டெம்போ ஓட்டினான். மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு வாழை இலை, பூ, காய்கறி. தாதர், செம்பூர், தேவ்நார் என்று எல்லாத் தெருமுனை நாக்காவிலும் அவனுக்குச் சிநேகிதர்கள். சாவுச் செய்தி போன வேகத்தில் ஆளுக்கொரு பேனர் அடித்துக் கட்டிவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒருவன் போய்விட்டால் அவன் முகத்தைத் தெருவில் பெரிதாகக் கட்டினால்தான் மனசு ஆறும். அம்மாவுக்கு அந்த எழுத்தைப் படிக்க வேண்டியதே இல்லை. மகன் படத்துக்கு மாலை போட்டிருந்தால் போதும்.

"ரோட்டுப் பக்கம் வேண்டாம்னா உள்பக்கமும் ரூம் இருக்கும்மா" என்றார் மேனேஜர். வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டு ஓடினேன். கல்யாணம் நன்றாக நடக்கட்டும் என்று பின்னாலிருந்து வாழ்த்தினார், பாவம்.

அண்ணனின் கூட்டாளி ஒருவரைக் கூப்பிட்டேன். அவரும் டெம்போக்காரர், அண்ணனைவிட வயதில் சின்னவர்.

"எத்தன பேனர் கட்டிருக்கிய?"

"பதினாலுக்கா. இன்னும் ரெண்டு சாயந்தரம் வரும்."

"எல்லாத்தையும் கழட்டுங்க. எங்கம்மா பார்த்துருவா."

"அடக்கத்துக்கு முந்தி கழட்டச் சொல்லாதியக்கா. அண்ணன் எங்களுக்கு என்னல்லாம் செஞ்சிருக்காவ. பேனரக் கழட்டினா நாங்க மனுசனா?" அதற்கு மேல் என்னாலும் வற்புறுத்த முடியவில்லை. அவர் எந்தெந்த இடத்தில் கட்டியிருக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் அனுப்பினார். அண்ணன் முகம் இருக்கிற பதினாறு இடங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் இல்லாத ஒரு தெருவைத் தேடி நான் பஸ் ஏறினேன். அதைவிட மோசமான ஒரு காரியத்தை என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை.

செம்பூரில் ஸ்டேஷன் பக்கம் இரண்டு பேனர் இருந்தன. ஸ்டேஷனைத் தாண்டி உள்ளே, மரங்கள் நிறைந்த ஒரு தெருவில், பேனர் இல்லாத இடத்தில் ஒரு லாட்ஜ் கிடைத்தது. கவுண்டரில் இருந்தவர் முலுண்டிலிருந்து தினமும் வந்துபோகிற தமிழர். நல்ல மனுஷன். எதற்கு வருகிறார்கள் என்று அவரும் கேட்டார். சாவு என்று சொன்னால் கிடைக்காது, கல்யாணம் என்று இன்னொரு தடவை சொல்ல நாக்கு வரவில்லை.

"அண்ணன் ஆஸ்பத்திரியில இருக்கான். பார்க்க வர்றாங்க" என்றேன். அம்மாவுக்குச் சொல்லியிருக்கிற பொய்யும் இதுவும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று ஒரு சாமர்த்தியம் வேறு.

"ஆஸ்பத்திரி கேஸ்னா வாரத்துக்கு எடுத்துக்கோங்கம்மா. ரேட் குறைச்சுப் போடறேன்."

"இல்லங்க. மூணு ரூம், ரெண்டு நைட் போதும்."

வந்து இறங்குகிற அன்றைக்கே நாலு மணிக்கு அடக்கம். மறுநாள் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு, அதற்கடுத்த நாள் மதியம் ரயில். சித்தப்பா திரும்புகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்திருந்தார். கவுண்டர்காரர் எழுதிக்கொண்டார். எல்லாம் சரியாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ரயில் காலையில் தாதருக்கு வந்தது. அம்மா இறங்கியதும் என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் பவுடர் பூசி, தலையை நன்றாக வாரி, சாதாரணமாக இருப்பதுபோல் போயிருந்தேன். அவள் கையில் ஊர் மாதா கோயில் எண்ணெய் ஒரு சின்னப் பாட்டிலில் இருந்தது. அண்ணன் நெஞ்சில் தேய்ப்பதற்காம்.

"கண்ணு முழிச்சானாட்டி?"

"மயக்க மருந்து குடுத்துருக்காங்கம்மா" என்றேன். சித்தப்பா மூட்டையை எண்ணுகிறவர்போல் திரும்பிக்கொண்டார்.

மூன்று டாக்சி பிடித்தோம். அம்மாவும் நானும் சித்தப்பாவும் ஒன்றில். சயான் வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம் என்று டிரைவர் அடம்பிடித்தார். வடாலா வழியாகப் போ என்று நான் கத்தினேன். வடாலா வழியில் பேனர் இல்லை, பட்டியலில் நன்றாகப் பார்த்திருந்தேன். ஆனால் ஒரு சிக்னலில் எங்களுக்கு முன்னால் வாழை இலை ஏற்றிய டெம்போ ஒன்று வந்து நின்றது. அதன் பின்கதவில் அண்ணன் படம் ஒட்டியிருந்தது. ஒரு பக்கக் காகிதம்தான், ஆனால் அதே சிரிப்பு. கூட்டாளிகள் வண்டிகளிலும் ஒட்டியிருப்பார்கள் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை?

"அம்மா, கண்ண மூடு. அண்ணனுக்காக ஒரு ஜெபமாலை சொல்லுவோம்" என்றேன்.

அம்மா உடனே கண்ணை மூடினாள். ஜெபம் என்றால் அவள் கேள்வி கேட்க மாட்டாள். நான் அவள் தலையை என் தோளில் சாய்த்து, என் கையால் அவள் கண்ணையும் சேர்த்து மறைத்துக்கொண்டேன். அவள் அண்ணன் சுகத்துக்காக ஜெபித்தாள். நான் சிக்னலுக்காக ஜெபித்தேன். பச்சை விழுந்ததும் டெம்போ இடதுபக்கம் திரும்பிப் போயிற்று. என் முதுகெல்லாம் நனைந்திருந்தது.

லாட்ஜில் எல்லோர் ஆதாரையும் வாங்கி ஜெராக்ஸ் எடுத்தார்கள். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்தேன். இன்னும் ஐந்து நிமிஷம், அறைக்குப் போய்விட்டால் போதும். சொல்ல வேண்டிய வாக்கியங்களை மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். கவுண்டர்காரர் அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"பயப்படாதீங்கம்மா. மகனுக்குச் சரியாயிடும். இங்க ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க மாசக்கணக்கா தங்குவாங்க. உங்களுக்கு ரெண்டே ரெண்டு நைட்தான் போட்டிருக்கு. அப்ப சீக்கிரம் டிஸ்சார்ஜ்தானே?"

அம்மா தண்ணீரைக் குடித்து முடித்தாள். டம்ளரை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்தாள், பிறகு அவருக்குப் பின்னால் நின்ற ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து அறைக்குக் கூட்டிப்போனேன். அந்தக் கை சில்லென்று இருந்தது.

அறையில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் கதவைச் சாத்தினேன். மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

"ரெண்டு நாளைக்குத்தான் ரூம் போட்ருக்கியாட்டி?"

"ஆமாம்மா."

"எட்டுப் பேருக்கும்?"

"ஆமா."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுக்கி வைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட எனக்கு வரவில்லை.

"அடக்கம் எத்தன மணிக்குட்டி?"

"நாலு மணிக்கும்மா."

வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது. இரண்டு நாளாகப் பயந்து பயந்து காத்து வைத்திருந்த விஷயத்தை, யாரோ பஸ் நேரம் கேட்டதுபோல், நான் இப்படிச் சொல்லி முடித்துவிட்டேன் என்று எனக்கே ஒரு நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது.

"ரயில்ல எல்லாரும் சிரிச்சுப் பேசிட்டு வந்தாவளேட்டி" என்றாள் அம்மா. "எனக்காவ சிரிச்சாவளா?"

நான் தலையாட்டினேன். மாத்திரையை அவள் நாக்குக்கு அடியில் வைத்தேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். பிறகு கத்தினாள். மாடி முழுக்கக் கேட்டிருக்கும், பக்கத்து அறைக் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. அந்தக் கத்தலுக்குத்தான் நான் அவ்வளவு பயந்திருந்தேன். அது வந்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டு நானும் கத்தினேன். அண்ணன் போனதிலிருந்து அதுவரை நான் ஒரு சொட்டுக்கூட அழுதிருக்கவில்லை.