என் மகளுக்கு வைக்காத பெயர்

மகள் பிறந்த இரண்டாம் வாரம் என் மனைவியை ஏமாற்றினேன். அவள் கேட்ட பெயரையே வைப்பதாக ஒப்புக்கொண்டு புறப்பட்டுப் போய், பதிவு அலுவலகத்தில் வேறு பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவள் கேட்டது அவளுடைய அண்ணனின் பெயர். தாய் தகப்பன் இல்லாத தங்கையைப் படிக்கவைத்து எனக்குக் கட்டிக்கொடுத்தவர் அவர். அவள் கர்ப்பமாக இருந்தபோது பந்திங் சாலையில் லோரி மோதி இறந்துபோனார். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. பூவின் வாசத்தைக் குறிக்கும் பழைய சொல் அது. என் தகப்பன் காலத்தில் அதை ஆண்களுக்குத்தான் வைப்பார்கள். நாங்கள் அப்போது இருந்த கிள்ளானில் அந்தப் பெயரில் ஒரு தபால்காரரும், தடித்த மீசை வைத்த தவில்காரர் ஒருவரும் இருந்தார்கள். எங்களுக்குக் குழந்தை பிறந்த சமயத்தில் ஒன்றிரண்டு வீடுகளில் பெண்களுக்கும் வைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"பொண்ணுக்கும் நல்லாத்தாங்க இருக்கு" என்றாள் மனைவி. பத்தியச் சாப்பாடும் மஞ்சள் வாசனையுமாகப் படுத்திருந்தாள். சரி என்றேன்.

கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் பெயரைச் சத்தமாகப் படித்துவிட்டு, ஆணா பெண்ணா என்று கேட்டாள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆனால் எனக்குப் பின்னால் என் பள்ளியிலேயே வேலை பார்த்த ஓர் ஆசிரியர் நின்றிருந்தார்; என் மைத்துனரை அவருக்குத் தெரியும்.

"என்ன சார், பொண்ணுக்கு மாமன் பேரா? நாளைக்கு மீசையோட வந்து நிக்கப் போகுது லா."

வரிசையில் நின்றவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேனாவை வாங்கி எழுதியதை அடித்துவிட்டு, அந்த வருடம் எல்லாரும் வைத்துக்கொண்டிருந்த பெயர் ஒன்றை எழுதினேன்.

வீட்டில் சொன்னபோது அவள் சண்டை போடவில்லை. பிள்ளையைத் தூக்கி மறுபக்கம் போட்டுக்கொண்டாள். நான் வைத்த பெயரை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. என் முன்னால் எப்போதும் 'பாப்பா'தான். மகள் வேலைக்குப் போன பிறகும், கல்யாணமான பிறகும் பாப்பாதான். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். தெரியாதவன் போலவே இருந்துவிட்டேன்.

இப்போது அவள் கேட்ட அந்தப் பெயர் முழுக்கப் பெண்களுடையதாகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் நான் இருக்கும் அடுக்குமாடியில் இரண்டு சிறுமிகளுக்கு அதே பெயர். அது ஒரு காலத்தில் ஆண் பெயர் என்று லிஃப்டில் ஒரு தாயிடம் சொன்னேன். "சும்மா சொல்லாதீங்க அங்கிள்" என்று சிரித்தாள். மாலையில் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடும்போது அந்தப் பெயர் என் மாடிவரை வரும். மனைவி இல்லாத வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன தைப்பூசம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயிலேறிக் கிள்ளானுக்கு மகள் வீட்டுக்குப் போனேன். அவள் சமைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன்.

"ஐ.சி. அட்டையில பேர மாத்திக்கலாம்மா. நானே கூட வரேன். அம்மா கேட்ட பேரையே வச்சிடலாம்" என்றேன்.

"எம்மவன் காலேஜ் போறான். இப்பப் போய் எனக்குப் பேர் வைக்கிறீங்களா?" என்று சிரித்தாள். பிறகு அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுச் சொன்னாள்: "அம்மா என்னை அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்கப்பா. நீங்க இல்லாதப்ப. உங்க கார் சத்தம் கேட்டா பாப்பான்னு மாத்திடுவாங்க."

அத்தனை வருடமும் என் வீட்டிலேயே நடந்திருக்கிறது.

"நான் ஒரு தடவ கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "வேணாம்ப்பா. அது அம்மா கூப்பிட்டது."

கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கென்று இருந்த ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். நான் தலையாட்டினேன். ஆனாலும் விட முடியவில்லை.

"அம்மா எப்படிக் கூப்பிடுவா? அதையாவது சொல்லு."

அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்கட்டில் துணி காயப்போடும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல அந்தப் பெயரைச் சொன்னாள். முதல் எழுத்தை அழுத்தி, கடைசியை இழுத்து, பாதியில் லேசாகச் சிரித்து. என் மனைவி அந்தச் சிரிப்பை எனக்குக் காட்டி வெகுகாலமாகியிருந்தது.

இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

"போதும்ப்பா" என்று தட்டை எடுத்து வைத்தாள். "சோறு ஆறுது, சாப்பிடுங்க."