அம்மாவின் எடை கூடிய கதை

வெயிலில் வேலை செய்தால் உடம்பின் எடை குறையும் என்பது ஒன்பது வயது வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். முழுப்பரீட்சை லீவில் அம்மா கடலை பறிக்கப் போகும் கொல்லைக்கு நானும் கூடவே போவேன். அந்த வருஷம் காலேஜிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். வெயிலில் பாடுபடுகிறவர்களுக்கு மயக்கம் எப்படி வருகிறது, அதற்கு முன்னால் உடம்பு என்னவெல்லாம் ஆகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாராம். கொல்லையில் நான்கு கழி நட்டு மேலே தார்ப்பாய் கட்டினார். கீழே ஒரு பலகை போட்டு அதன்மேல் எடை மெஷினை வைத்தார். பக்கத்தில் பெரிய கேன் நிறையத் தண்ணீர்.

காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரும் மெஷினில் ஏற வேண்டும். உச்சிவேளையில் மறுபடியும் ஏற வேண்டும். எடை ரொம்பக் குறைந்திருந்தால் அந்த ஆள் தார்ப்பாய் நிழலில் அரைமணி உட்கார்ந்த பிறகுதான் வேலைக்குத் திரும்பலாம். கொல்லைக்காரர் இதற்கு ஒப்புக்கொண்டது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

"குறையிறதெல்லாம் எங்கக்கா போகும்?" என்று கேட்டேன்.

"வேர்வையா போயிடும் பாப்பா."

நான் நம்பவில்லை. வேர்வைக்கு என்ன எடை இருந்துவிடப் போகிறது? மெஷின் சும்மா கிடந்தபோது ஏறிப் பார்த்தேன். வரப்பின் மேல் நாலு தடவை ஓடிவிட்டு வந்து ஏறினேன். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினேன். குடித்த தண்ணீரை மெஷின் கண்டுபிடித்துவிட்டது. அன்றிலிருந்து அந்த அக்கா சொல்வதெல்லாம் எனக்கு வேதவாக்கு.

உச்சிவேளையில் பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். எல்லோருக்கும் குறைந்திருந்தது. அம்மாவுக்கு மட்டும் கூடியிருந்தது.

அக்கா மெஷினைத் தூக்கிக் குலுக்கினார். பலகை ஆடுகிறதா என்று பார்த்தார். தானே ஏறி நின்றார். அம்மாவை இறக்கி மறுபடி ஏற்றினார். அதே எடை. மறுநாளும் அப்படியே. "இவங்க உடம்பே தனி" என்று நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டார். பெண்களெல்லாம் அம்மாவைக் கேலி செய்தார்கள். கொல்லைக்காரரோ, "இது மாதிரி நாலு பேரு இருந்தா போதும்" என்று மெச்சினார். அம்மா கடலைக் கொடி பறிக்கப் போய்விட்டாள். அவளை யாரும் நிழலில் உட்காரச் சொல்லவில்லை.

ரகசியம் எனக்குத் தெரியும். செருப்பைக் கழற்று, தூக்குவாளியை வை என்று சொல்லத் தெரிந்த அக்காவுக்கு, மடியை அவிழ் என்று சொல்லத் தெரியவில்லை. பறிக்கும்போதே கடலையைப் பத்துப் பத்தாக ஆய்ந்து அம்மா மடியில் செருகிக்கொள்வாள். சாப்பாட்டு நேரத்தில் அது தூக்குவாளிக்குள் இறங்கிவிடும். ஒரு கடலைகூட மடியில் போகக் கூடாது என்பது கொல்லைக்காரர் கட்டளை. ராத்திரி உப்புப் போட்டு வேகவைத்த கடலையைத் தின்பவள் நான். ஆராய்ச்சியா அவித்த கடலையா என்று வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள், உச்சி எடை முடிந்து சற்று நேரத்தில், அம்மா பறித்த கொடியோடு அப்படியே குப்புற விழுந்தாள். தார்ப்பாய்க்குக் கீழே தூக்கி வந்து போட்டார்கள். கண் செருகியிருந்தது. தொட்டால் நெருப்பாகக் கொதித்தது. அக்கா வெலவெலத்துப் போய், "வெயிலா இருக்காதே, இவங்களுக்கு எடையே குறையலையே. சுகர் இருக்கா? நெஞ்சு வலின்னு சொன்னாங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். கொல்லைக்காரரும் ஓடி வந்துவிட்டார்.

சொன்னால் அம்மா திருடி. சொல்லாவிட்டால் அம்மாவே இல்லாமல் போய்விடுவாள்.

"அக்கா, மடியில கடலை இருக்குக்கா! அதான் எடை கூடிச்சு!"

அக்கா மடியை அவிழ்த்தார். கடலை பொலபொலவென்று கொட்டியது. அதற்குமேல் அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. துணியை நனைத்துப் போடச் சொன்னார், விசிறச் சொன்னார், கேனைச் சாய்த்துத் தலையில் ஊற்றினார். கொல்லைக்காரர் கடலையைப் பார்த்தார். "அட, கேட்டா குடுக்க மாட்டனா?" என்றார். கேட்டுப் பார்த்திருந்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா கண் திறந்ததும் எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை மெல்ல மெல்லக் குடித்தாள். ஆராய்ச்சியின் முடிச்சை நான்தான் அவிழ்த்தேன் என்ற பெருமையும் அழுகைக்கு நடுவே எனக்கு இருந்தது.

அக்காவுக்கு இன்னொரு சந்தேகம். "தலையில ஊத்தினது போக கேன்ல தண்ணி அப்படியே இருக்கு. மூணு நாளா ஒருத்தரும் சரியா குடிக்கலையே, ஏன்?"

"தாகமே எடுக்கலங்க" என்றாள் அம்மா.

அது பச்சைப் பொய். பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்தால் முதல் வேலையாக முந்திரித் தோப்புப் பக்கம் அவசரமாகப் போவாள். திரும்பி வந்து இரண்டு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பாள். இதையும் சொல்லிவிடலாமா என்று நான் யோசிப்பதற்குள், ஒரு பெண் அக்காவின் காதில் என்னவோ சொன்னாள். அக்கா எழுந்து நின்று நாலா பக்கமும் பார்த்தார். நானும் பார்த்தேன். கொடி பறித்த கொல்லை மொட்டையாகக் கிடந்தது. ஒதுங்க ஒரு புதர் இல்லை. பக்கத்திலேயே பஸ் போகிற ரோடு.

"ஒண்ணுமே இல்லையேக்கா" என்றேன்.

"ஆமா பாப்பா, ஒண்ணுமே இல்ல" என்றார்.

மறுநாள் அக்கா கொல்லையின் கோடியில் நான்கு கழிகளை நட்டு, பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டினார். மேலே ஒன்றும் போடவில்லை. கூரை இல்லாமல் உச்சி வெயிலுக்கு நிழல் எப்படிக் கிடைக்கும், இவ்வளவு படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்தது. ஆனால் உச்சிவேளைக்குள் தண்ணீர்க் கேன் காலியாகிவிட்டது. இன்றைக்கு வெயில் கூடுதல் போலிருக்கிறது என்று நானே ஒரு முடிவுக்கு வந்து, அக்காவிடம் அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.