பெயர் சொல்லாத ஜெபம்

நான் கிரேஸ். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள். சாட்சி சொல்ல உங்கள் முன் நிற்கவும் களைப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கர்த்தர் செய்ததைச் சொல்லாமல் உட்கார மனம் வரவில்லை.

என் வீட்டுக்காரர் குடிப்பார். ‘சொல்லிக்கோ’ என்று அவரே சொன்ன பிறகுதான் இதைச் சொல்கிறேன். எங்கள் சபையில் ஒரே ஒருவரிடம்தான் அப்போது அழுது சொன்னேன். ஸ்டெல்லா அக்கா. தூத்துக்குடிக்காரர், என்னோடு அதே கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு, என் பெயரையும் வீட்டுக்காரர் பெயரையும் சொல்லி, குடியையும் சொல்லி, சத்தமாக அழுது ஜெபித்தார். எல்லாரும் ஆமென் என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

வீட்டுக்காரர் காதுக்கும் போனது. “என் மானத்த சர்ச்சுல ஏலம் வுட்டியா? இனிமே அந்தப் பக்கம் தல வெச்சிப் படுக்க மாட்டேன்” என்றார்.

அன்றிலிருந்து அக்காவோடு பேச்சில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் என் பையை வைத்துவிடுவேன். திருவிருந்தில் அப்பத் தட்டு வரும்போது குனிந்துகொண்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடுவேன். கசப்போடு அதைத் தொட பயம். அக்காவை வேறு சபைக்கு அனுப்பிவிடும் என்று ஜெபித்தேன். அவர் எங்கும் போகவில்லை. கடைசியில், “மன்னிக்க எனக்குத் தெம்பில்லை ஆண்டவரே, நீரே பார்த்துக்கொள்ளும்” என்றேன். அவ்வளவுதான் முடிந்தது.

அந்த வாரமே ஒரு நாள் ஓ.டி. வேலை முடிந்து பஸ் ஏறினோம். நல்ல கூட்டம். அக்கா என் சீட்டுப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, நீ சொன்னத நான் கர்த்தர்ட்ட மட்டும் சொல்லிருக்கணும். ஊரக் கூட்டிச் சொல்லிட்டேன். தப்புதான்.”

ஒரு சாக்கும் சொல்லவில்லை.

“கோவம் இன்னும் போவலக்கா” என்றேன். “கால் நோவுதில்ல, குந்து.”

பையை மடியில் எடுத்துக்கொண்டேன். வாலாஜாபாத் வருவதற்குள் இரண்டு பேரும் தூங்கிவிட்டோம். விழித்தபோது என் தலை அக்கா தோளில் இருந்தது. கோபம் பாதியாகியிருந்தது. மீதியைக் கர்த்தர் மெதுவாக எடுத்தார்.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடமும் மன்னிப்புக் கேட்டார். அவர் குடியை இன்னும் முழுசாக விடவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டு, ஆராதனை முடியும்வரை வெளியே நிற்கிறார். எங்கள் ஜெபக் கூட்டத்தில் இப்போது யாரும் பெயர் சொல்வதில்லை. ஜெபம் வேண்டுகிறவர்கள் கை மட்டும் தூக்குகிறோம். ஆள் யாரென்று கர்த்தருக்குத் தெரியும்.

மன்னிக்க முடியாமல் களைத்துப்போனவர்கள் அந்தக் களைப்போடே அவரிடம் வாருங்கள். போன திருவிருந்தில் தட்டை என்னிடம் நீட்டியது ஸ்டெல்லா அக்காதான். நான் தள்ளிவிடவில்லை, அப்பத்தை எடுத்துக்கொண்டேன்.