சேற்றுக்கு வந்த விருந்தாளிகள்

சுற்றுலாத் தொழிலில் மாரடிக்கிற நீங்களெல்லாம் கடலையும் கோயிலையும் காட்டிப் பிழைக்கிறியள். நான் கிண்ணியாக் களப்பில் சேற்றைக் காட்டிப் பிழைக்கிறன். உப்புத்தண்ணிச் சேற்றில் வளருகிற கண்டல் மரக் காடு இங்க அழிந்துபோச்சுது. அதை, வருகிற பயணிகளின் கையாலேயே திரும்ப நட்டெடுக்கிறதுதான் என்ர வேலை.

மெனேஜர் வைத்த நிபந்தனை

எனக்கு ஆள் அனுப்புகிறது நிலாவெளி ஹோட்டல் ஒன்றுதான். அது கைவிட்டால் தொழிலும் இல்லை, கண்டலும் இல்லை. சீசன் தொடங்கமுன்னம் அதன் மெனேஜர் கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, தேத்தண்ணியும் தந்தார். அந்த மரியாதையிலேயே ஏதோ வில்லங்கம் என்று எனக்கு விளங்கிவிட்டது. "லீவில வாற சனம் காசு குடுத்துச் சேத்துக்க இறங்குமோ, மிஸ்? ஒரு முறைப்பாடு வந்தாலும் நிப்பாட்டிப்போடுவன்."

தலைகீழ் நடவு

கண்டல் காய் முருங்கைக்காய் போல நீளம். கூர்ப்பக்கம் சேற்றுக்குள் போகவேணும். தொண்டை கிழியச் சொன்னனான். கொழும்பிலிருந்து வந்த வங்கிக்காரர் செல்ஃபி எடுத்த கையோடு ஒரு வரிசையைத் தலைகீழாக நட்டு முடித்திட்டினம்! முறைப்பாடு வந்தால் வரட்டும் என்று, ஏசி ஏசி அவ்வளவையும் பிடுங்கித் திருப்பி நடவைத்தனான். அவர்களில் மூத்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "எங்கட வங்கிக் கந்தோரில பெரியவர்கூட இப்பிடி ஏசினதில்லை, அடுத்த வருசமும் வருவம்."

ஆடு மேய்ந்த இடம்

சுவிஸிலிருந்து ஒரு தமிழ்த் தம்பதி, போன வருசம் தாங்கள் நட்டதைப் பார்க்கவென்றே திரும்பி வந்தவை. கூட்டிக்கொண்டு போனால், ஐயோ, வெறும் மொட்டைத் தண்டுகள்! பக்கத்து வீட்டு ராத்தாவின் ஆடுகள் இன்னும் மென்றுகொண்டு நிக்குதுகள். நான் சத்தம் போட, ராத்தா சிரிக்கிறா. "பச்சப்பசேலெண்டு நட்டு வெச்சா, ஆடு சும்மா பாத்துட்டுப் போகுமா, தங்கச்சி?"

வேறொரு கன்றைக் காட்டி, இதுதான் உங்கட என்று சமாளித்திருக்கலாம். மனம் கேட்கேல்லை, உண்மையைச் சொன்னனான். மனுசி கண் கலங்கினா. மனுசன் காற்சட்டையை முழங்காலுக்கு மடித்து, வேலி அடிப்பம் என்றார். சிரித்த ராத்தாவே பழைய மீன்வலையை இழுத்துக்கொண்டு வந்தா. பொழுதுபடமுன்னம் புதுக்கன்றும் நட்டு வேலியும் அடித்திட்டம். எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்திட்டுது.

அடுத்த நாள் காலையில் மெனேஜரின் அழைப்பு. முறைப்பாடுதான் என்று பயந்து பயந்து எடுத்தனான். "அந்தச் சுவிஸ் ஆக்கள் சாப்பாட்டு மேசையில ஒரே உந்தக் கதைதான், மிஸ்! நாளைக்கு பஸ் நிறைய ஆள் வருது, எல்லாருக்கும் வேலி அடிக்கவேணுமாம்."

பார்க்கப்போனால், இந்தத் தொழிலுக்கு என்னைவிட நல்லா விளம்பரம் செய்தது ராத்தாவின் ஆடுகள்தான்.